நீலகிரிக்கு ஏறிய பாதைகள்

தென்னிந்தியாவின் நீலகிரி மலைக்குச் செல்வோர் பெரும்பாலும் உதகமண்டலத்துப் பூந்தோட்டத்தையும் ஏரியையும் கண்டு, யூக்கலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவர். பல்கலைக்கழக விடுமுறையில் ஐவராய்ப் புறப்பட்ட நாமோ அம்மலைக்கு ஏறும் பாதைகளையே பார்க்க விரும்பினோம். ஒரு பாதை எந்த ஆண்டில், எவர் கட்டளையால், எவர் கைகளால் வெட்டப்பட்டது, அதன் வழியே முதலில் ஏறியவர் யார், கடைசியாக ஏறியவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு மலைநாட்டின் சரித்திரம் ஓரளவு விளங்கிவிடும் என்பது எமது எண்ணம். இக்கேள்விகளோடு மேட்டுப்பாளையத்தில் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டோம். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் விதித்திருக்கின்றது. முன்னொரு காலத்தில் ஆட்களை எப்படி ஏற்றுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட மலைக்கு, இன்று வருவோரைக் குறைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குச் சற்று மேலே உள்ள ஊர். குன்னூரோ 1,700 மீற்றருக்கும் மேலே. இடையில் முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பாதையே உண்டு. அதில் 14 கொண்டையூசி வளைவுகள். கல்லாற்றில் பாக்கு மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. பர்லியாற்றிலே துரியனும் மங்குஸ்தானும் விற்கின்றார்கள்; நெடுந்தூரம் வந்தும் நம்மூர்ச் சந்தைக்கே வந்துவிட்டோமோ என்று எம்முள் ஒருவர் வியந்தார். பாதைக்கு எதிர்ப்புறச் சரிவிலே மலைப் புகையிரதம் ஏறுகின்றது. தண்டவாளங்களின் நடுவே பற்கள் வைத்த இரும்புச் சட்டம் ஒன்றைப் பதித்து, இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கௌவிக்கௌவி ஏறும்படி அமைத்த பாதை அது. பன்னிரண்டரை அடி சென்றால் ஓர் அடி உயரும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகமண்டலம் வரையும் திறக்கப்பட்டது. 2005இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவுடன் புகையிரதத்தை விட்டுவிடுவோம். அதைப்பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர்.

நாம் மிஷன் பாடசாலையிலே படித்த காலத்தில், வாசிகசாலையின் பழைய ஆங்கிலப் பிரயாண நூல்களிலே, நீலகிரியை 1819இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் என்பவர் 'கண்டுபிடித்தார்' என்று வாசித்திருக்கின்றோம். அந்தச் சொல்லை அன்று ஐயமின்றி ஏற்றுக்கொண்டோம். ஆயின் அம்மலையில் எருமை மேய்த்துப் பாற்கோயில் அமைத்து வாழும் தொதவர், கொல்லுத் தொழிலும் குயத் தொழிலும் இசையும் வல்ல கோத்தர், வடக்கே மைசூர் நாட்டிலிருந்து ஏறிவந்து உழுதுண்ட படகர், தேனும் காட்டுப்பொருளும் தரும் குறும்பர், கீழ்ச்சரிவில் வாழும் இருளர் ஆகியோர் தம்முள் நெய்யும் தானியமும் இரும்பும் மாற்றிக்கொண்டு நெடுங்காலமாக அங்கே இருந்தவர்கள். சாமராஜநகரத்திலுள்ள 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு, போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனீசன் என்பான் தொதவரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என்று கூறுகின்றது. அதாவது, சலிவன் துரைக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு சேனை அங்கே ஏறிவிட்டது.

ஐரோப்பியருள்ளும் சலிவன் முதல்வர் அல்லர். 1603இல் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெனீசியோ என்னும் இயேசு சபைப் பாதிரியார் மலையேறினார். காலத்தால் மறக்கப்பட்ட கிறிஸ்தவக் கூட்டம் ஒன்று அங்கே வாழ்வதாக எவரோ சொல்லக் கேட்டு அவர் சென்றார். கண்டதோ எருமைகளையும் அவற்றையே தெய்வத்தோடு சேர்த்துப் போற்றும் தொதவரையும். பாதிரியார் நூலும் முகம்பார்க்கும் கண்ணாடியும் பரிசளித்துவிட்டு இறங்கிவிட்டார். பின்னர் 1812இல் நில அளவையாளர் இருவரும், 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இளம் உத்தியோகத்தர் இருவரும் ஏறினர். இவர்களுக்கு வழிகாட்டி முன்னே சென்றவர்கள் அம்மலை மக்களே; அவர்களின் ஒற்றையடிப் பாதைகளே முதற் பாதைகள். நமது நுவரெலியாவையும் அதே 1819இல் டேவி என்னும் வைத்தியர் சென்று பார்த்து எழுதினார் என்பதும், அதற்கும் 'கண்டுபிடிப்பு' என்றே பெயர் வைத்தார்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கன.

எனினும் சலிவனை ஏளனம் செய்து தள்ளிவிடுவதும் நியாயமன்று. கோத்தகிரிக்கு அருகே கண்ணேரிமுக்கில் அவர் வாழ்ந்த வீடு திருத்தப்பட்டு நினைவகமாக இருக்கின்றது. குன்னூரிலிருந்து ஒருநாள் சென்று பார்த்தோம். மலையின் நிலம் தொதவருக்கு உரியது, அதை எடுப்போர் அவர்களுக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்று அவர் தம் மேலதிகாரிகளோடு வாதாடியவர். தாமே பெருநிலம் வாங்கிக்கொண்ட ஒருவர் இப்படி வாதாடியதை எப்படி மதிப்பிடுவது என்று எம்முள்ளே நெடுநேரம் தர்க்கம் நடந்தது. அவர் கொடுத்த விலை அற்பம் என்றார் ஒருவர். அற்ப விலையும் கொடாமல் எடுத்தவர்களே பலர் என்றார் மற்றவர். தர்க்கம் முடியவில்லை.

இனிப் பாதைகளுக்கு வருவோம். வெள்ளையர் காலத்து முதற்பாதை சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறியது. மக்பேர்சன் என்னும் படை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் 1823இல் அது முடிந்தது. சென்னைத் தேசாதிபதி லஷிங்டன் உதகமண்டலத்தைப் படைவீரருக்கு ஆரோக்கிய வாசஸ்தலமாக்க விரும்பி, 1830ஐ அடுத்த ஆண்டுகளில் குன்னூர்க் கணவாய்ப் பாதையையும், மைசூர்ப் பக்கத்துச் சீகூர்ப் பாதையையும் வெட்டுவித்தார். மறே, லெ ஹார்டி என்பார் பாதையை வகுத்தனர். சென்னைப் 'பயனியர்' படையினர் வெட்டினர். பயனியர் என்றால் துப்பாக்கியைவிட மண்வெட்டியும் கடப்பாரையும் மிகுதியாகப் பிடித்த தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள். மலையடிவாரம் அக்காலத்தில் காய்ச்சலுக்குப் பெயர்போன இடம். மேலே குளிரில் துரைமார் உடல் தேற வேண்டுமென்பதற்காகக் கீழே இவர்கள் காய்ச்சலில் கிடந்தார்கள். பழைய குன்னூர்ப் பாதையின் ஏற்றம் அதிகம், வண்டிகள் ஏறமாட்டா. ஆதலால் 1871 அளவில் லோ என்னும் கேணலின் முயற்சியால் சாய்வு குறைந்த புதுப்பாதை அமைந்தது. குன்னூருக்குக் கீழேயுள்ள அருவிக்கு அவர் பெயரையே வைத்து 'லோஸ் அருவி' என்று அழைக்கின்றார்கள்.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸிலே போகும் நம்மவருக்குக் கடுகண்ணாவைக் கோபுரம் தெரிந்ததே. நீலகிரிப் பாதைகள் வெட்டப்பட்ட அதே பத்திருபது ஆண்டுகளுக்குள் தேசாதிபதி பார்ன்ஸ் கண்டிப் பாதையை அமைப்பித்தார். அதை வகுத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் அக்கோபுரம் எழுந்தது. பாதையை வெட்டியவர்களிலே பெரும்பகுதியினர் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு அழைக்கப்பட்ட கிராமத்தவர்கள்; அவ்வூழியம் ஒழிந்ததும் அதே 1832இலேதான். கோபுரத்தின் மேல் அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை. இருநாட்டுப் பாதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அருவிக்கும் கோபுரத்துக்கும் பெயர் கொடுத்தவர் கேணலும் கப்டனுமாக இருக்க, மண் சுமந்தவர் எண்ணிக்கையாகவே ஏட்டில் நிற்பது எமக்குத் துலக்கமாகத் தெரிந்தது.

பாதை வெட்டியவர்கள் ஒருபுறமிருக்க, அதன்மேல் மனிதரைச் சுமந்தவர்களும் உளர். 1834 யூன் மாதத்தில் மக்கோலே பிரபு (அன்று அவர் பிரபுவல்லர்) சென்னையில் வந்திறங்கினார். தேசாதிபதிகளுக்கெல்லாம் தலைவரான பென்டிங் அப்பொழுது உதகமண்டலத்தில் தங்கியிருந்தார். அவரைக் காண மக்கோலே ஏறத்தாழ 400 மைல் தூரம் பல்லக்கிலே சென்றார். பெங்களூர், சீரங்கப்பட்டணம் வழியாக மைசூர்ப் பக்கத்திலிருந்து மலையேறினார். முழுத்தூரமும் மனிதர் தோள்மேலே. பிரயாணம் பெரும்பாலும் இனிதாகவே இருந்தது என்று கடிதத்திலே எழுதியிருக்கின்றார். சுமந்தவர்களுக்கு எப்படி இருந்ததென்று எழுத அவர்களிடம் கடதாசியும் இல்லை, கேட்பாரும் இல்லை. மலையிலிருந்து இறங்கிய மறு ஆண்டிலே, 1835இல், இந்தியருக்கு ஆங்கிலக் கல்வியே தக்கது என்னும் பெயர்பெற்ற குறிப்பை மக்கோலே எழுதினார். அக்கல்வியின் பேரப்பிள்ளைகளே நாமெல்லாரும். அப்பல்லக்கைச் சுமந்த தோள்களுக்கு எமது ஆங்கிலமும் சிறிது கடன்பட்டிருக்கின்றது என்று சொல்லி நகைத்துக்கொண்டோம். நகைத்தபின் சற்று மௌனமாகவும் இருந்தோம்.

உதகமண்டலத்தைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1822இல் சலிவன் கட்டத் தொடங்கிய கல்வீடும், அவர் நீரைத் தேக்கி அமைத்த ஏரியும், 1848இல் மக்கைவர் தொடங்கிய தாவரத் தோட்டமும் உள்ளன. 2,637 மீற்றர் உயரமான தொட்டபெட்டாவிலே நாம் கண்டது முழுவதும் மூடுபனி. தொதவரின் மந்து ஒன்றுக்குச் சென்றபோதே மனம் நிறைந்தது. அரைப்பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற கூரை. குனிந்து தவழ்ந்தே நுழையத்தக்க சிறு வாயில். அதுவே அவர்களுக்குக் கோயிலும் பால் கடையும் இடமும். பூசகர் பால் கடைவதே பூசை. நைவேத்தியமும் வழிபாடும் வேறுவேறாகப் பிரியாத அந்நிலை எமது சங்கத்துப் பெரியோருக்குச் சிந்திக்கத் தகுந்த விஷயமாகும். ஆயின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளிலே பெரும்பகுதி இன்று யூக்கலிப்டஸும் சீகை மரமும் தேயிலையுமாகிவிட்டது. விறகுக்கென்றும் பட்டைக்கென்றும் நட்ட அந்நிய மரங்கள் புல்லையும் சோலைக்காட்டையும் விழுங்கிவிட்டன.

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் பாதையில் நடுவட்டம் என்னும் சிற்றூர் உண்டு. காய்ச்சல் மருந்தாகிய குயினைன் எடுக்கும் சிங்கோனா மரத்தைத் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்து 1860இல் தொட்டபெட்டாச் சரிவிலே நட்டார்கள். பின்னர் நடுவட்டத்திலும் பரப்பினார்கள். நமது ஹக்கலைத் தோட்டமும் 1861இல் அம்மரத்துக்காகவே தொடங்கப்பட்டது. நடுவட்டத்திலே வேலைக்கு ஆள் போதாமல் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து சிறையிலிட்டு வேலை வாங்கினர். அச்சிறைக் கட்டடம் இன்றும் இருக்கின்றது. இருண்ட அறைகளுக்குள் சென்று வந்தோம். விடுதலையானவர்களிற் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே காய்கறி பயிரிட்டு வாழ்ந்ததை, தேர்ஸ்டன் என்னும் சென்னை நூதனசாலை அதிபர் எழுதி வைத்திருக்கின்றார். காப்பியும் தேயிலையும் மலையில் பரவப்பரவ, மைசூர், கோயமுத்தூர்ச் சீமைகளிலிருந்து கூலியாட்கள் ஏறினர். தேவாலை, பந்தலூர்ப் பக்கத்தில் 1879 முதல் மூன்று ஆண்டுகள் பொன்வேட்டை நடந்தது. லண்டனில் பங்குகள் விற்று, பெரும்பணம் கரைந்து, பொன் கிடையாமல் எல்லோரும் ஓடிவிட்டார்கள். பொன்னாசையின் கதை அவ்வளவே.

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களே எமது பிரயாணத்தின் முடிவான இடம். அங்கே செல்லும் காரணத்தை இளைஞர் சிலருக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய வறண்ட சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, நமது மலைநாட்டைத் தோட்டமாக்கியவர்களின் சந்ததியார், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுப்பதென்றும், மீதி 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. அம்மீதியையும் 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை ஒருவரும் கேட்கவில்லை. வயலைப் பங்கிடும்போதுகூட உழுபவனை ஒரு வார்த்தை கேட்பதுண்டு.

இப்படி இந்தியாவுக்குப் போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலே தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. 'டான்டீ' என்று சுருக்கமாகச் சொல்வர். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கங்களில் காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் இவர்களே. சமவெளியிலே குடியமர்த்தப்பட்டவர்களிலும் பலர் அங்கே தொழில் கிடையாமல், கொழுந்து பறிக்கும் மலையைத் தேடித் தாமாகவே ஏறிவந்தனர். மேட்டுப்பாளையத்தில் நாம் ஏறிய அதே பாதைதான். சலிவனும் சிப்பாய்களும் கைதிகளும் ஏறியபின், அம்மலைக்குக் கூட்டமாக ஏறிய கடைசி மக்கள் நமது தீவிலிருந்து சென்றவர்கள். இங்கே அவர்களை 'இந்தியத் தமிழர்' என்றோம். அங்கே அரசின் ஏடுகள் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்கின்றன. அயலவர்களோ 'சிலோன்காரர்' என்கின்றனர்.

கூடலூருக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயன்களின் அருகே காரை நிறுத்தினோம். எமது பேச்சின் சாயலைக் கேட்டு, அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வெளியே வந்தார்.

"சிலோனா? எந்தப் பக்கம், தம்பி?"

"கொழும்பிலிருந்து வருகிறோம், அம்மா. நீங்கள்?"

"பதுளப் பக்கம். எழுபத்து நாலுல வந்தோம். எனக்கு அப்ப பதினஞ்சு வயசு."

தலைமன்னாரிலே கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியதையும், மண்டபம் முகாமிலே நாட்கணக்காய்க் காத்திருந்ததையும் சொன்னார். அம்முகாமே முற்காலத்தில் இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரை நோய் பரிசோதித்து அனுப்பிய இடம். அவருடைய பாட்டனார் போகும்போதும் அங்கே தங்கியிருந்தாராம். முதலில் சமவெளியில் ஒரு வட்டாரத்திலே குடியேற்றினார்கள், வெயில் தாங்கவில்லை, தெரிந்த தொழிலும் இல்லை, இரண்டு வருஷத்தில் மலைக்கு வந்துவிட்டார்கள். தேநீர் தந்தார், தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் தந்தார். சம்பலைக் காரமாக இடித்து, "இந்த ஊரு ஆளுங்களுக்கு இது புடிபடாது" என்று சிரித்தார்.

இளையோர் பெரும்பாலும் திருப்பூர், கோயமுத்தூர் ஆலைகளுக்குப் போய்விட்டனர் என்றும் சொன்னார். 2022இல் தேயிலைக் கழகத்தின் தோட்ட நிலத்திலே ஏறத்தாழ 2,150 ஹெக்டேரைக் காட்டிலாகாவுக்கே திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு கட்டளையிட்டது. காடும் விலங்கும் பிழைக்கவேண்டியதே. ஆயினும் காட்டை அழித்துத் தேயிலை நடு என்று ஏற்றிய மக்களுக்கு, ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் தேயிலையை விட்டுக் காட்டைக் கொடு என்று சொல்லும்போது, அவர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு என்ன ஆகும் என்பதே அம்மலை முழுவதும் நாம் கேட்ட பேச்சு. இலங்கையிலே எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தால் பிரசாவுரிமை கிடைத்துவிட்டது. கப்பலேறியவர்களின் கணக்கு இன்னும் முடியவில்லை.

புறப்படும்போது அம்மையார் உள்ளே சென்று பிளாஸ்டிக் உறையிலிட்ட பழைய கடதாசிகளைக் கொண்டுவந்து காட்டினார். தகப்பனாரின் இந்தியக் கடவுச்சீட்டு. அதில் இவருடைய பெயரும் பிள்ளைகளின் வரிசையிலே எழுதப்பட்டிருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் மட்டும் இல்லை, முகாமிலே தொலைந்துபோயிற்றாம். உபகாரப் பணம் ஒன்றுக்காகப் பிறந்த தேதியை நிரூபிக்கச் சொல்கிறார்கள் என்றும், பதுளையிலே அதன் பிரதி எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டார். தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் தகப்பனாரின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டோம். இம்மலரை வாசிக்கும் அன்பர்களுள், கச்சேரியிலே பழைய தோட்டப் பதிவேடுகளைத் தேடிப் பழகியவர் எவரேனும் இருப்பின் சங்கக் காரியதரிசி மூலம் எமக்கு அறிவிப்பாராக. அவரைப்போல இன்னும் நால்வரின் விவரங்களும் எம்மிடம் உள்ளன.